நனைஞ்சா அம்மா வருவாங்க

தம்பி,

உன் மகன் கவின் இன்னைக்குக் காலையிலயும் படுக்கையை நனைச்சுட்டான். இதைப் படிச்ச உடனே நீ பல்லைக் கடிப்பேன்னு எனக்குத் தெரியும். கடிச்சுக்க. கடிச்சுட்டு மேற்கொண்டு படி. போன்ல சொல்லலாம்னுதான் பார்த்தேன். இங்க டவர் கிடைக்கணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். மூச்சு வாங்க ஏறிப் பேசினா, நீ பனியன் கம்பெனி மெஷின் சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு "சரிப்பா, அப்புறம் பேசுறேன்"னு வெச்சிருவே. நானும் கத்திப் பேசுற ஆளு, நீயும் என் மகன்தானே, அப்படியே என் வார்ப்பு. ரெண்டு பேரும் கத்தினா சொல்ல வந்த விஷயம் எங்கயோ போயிரும். அதனாலதான் உட்கார்ந்து எழுதுறேன். நீளமாப் போகும். ஒரு டீயை வாங்கி வெச்சுக்கிட்டுப் படி.

அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம். அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்லைன்னு முதல்லயே சொல்லிடுறேன். மலர் போய் ஒரு வருஷம் தாண்டிருச்சு. உனக்கும் வயசு கிடக்கு. கேத்தியில நாம போய்ப் பார்த்துட்டு வந்தோமே, அந்தப் பொண்ணு காபியைக் கையில குடுத்துட்டு "பையனைக் கூட்டிட்டு வரலையா மாமா"ன்னு கேட்டா பாரு, அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. நான் எழுதுறது கல்யாணத்தைப் பத்தி இல்லை. போன வாரம் நாங்க கோயில் மேட்டுல இருந்து பேசினப்ப நீ கவின்கிட்ட போன்ல சொன்னதைப் பத்தி. "நீ படுக்கையில நனைக்காம சமத்தா இருந்தீன்னா அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வருவேன்"னு சொன்னே. அப்புறம் நான் போனை வாங்கினப்ப, "கல்யாணத்துக்குள்ள இதை நிறுத்திருங்கப்பா, இல்லைன்னா ஹாஸ்டல்ல விட்டுரலாம், புதுசா வர்றவ முன்னால என்னால தலைகுனிஞ்சு நிக்க முடியாது"ன்னே. இந்த ரெண்டு பேச்சும் எனக்குத் தொண்டையில இறங்கவே இல்லை.

மலர் செத்துப்போனதை நாம அவனுக்குச் சொல்லலை. அந்த ராத்திரி நீ இங்க இல்லை, அதனால மறுபடி சொல்றேன், பொறுத்துக்க. ரெண்டாவது பிள்ளை வயித்துல தங்காம ரத்தம் போக ஆரம்பிச்சு, பந்தலூர்ல இருந்து ஜீப்பை வரவழைச்சு அவளை ஏத்தினோம். இவன் கம்பளிக்குள்ள நல்ல தூக்கம். படியிறங்கறப்ப அவ, "மாமா, அவனை எழுப்பாதீங்க, எந்திரிச்சா கூட வரணும்னு அழுவான்"னா. எழுப்பலை. கூடலூர்ல முடியாதுன்னு ஊட்டிக்கு அனுப்பினாங்க, ஏறுற வழியிலயே முடிஞ்சு போச்சு. காலையில இவன் எந்திரிச்சப்ப மெத்தையும் கால்சட்டையும் நனைஞ்சிருந்துச்சு. மூணு வயசுக்கு அப்புறம் இந்த வீட்டுல அவன் நனைச்சதே கிடையாது. ராத்திரி ஒரு தடவை மலர் எழுப்பி ஒன்னுக்கு விடுவா, அதோட விடியற வரைக்கும் காஞ்சு கிடப்பான். அன்னைக்கு எழுப்ப ஆள் இல்லை. "அம்மா எங்க தாத்தா"ன்னான். "ஊருக்குப் போயிருக்காடா, வந்துருவா"ன்னேன். முதல்ல சொன்ன வாய் என் வாய்தான். அவளைக் கொண்டு வந்து கிடத்தி, எடுத்துட்டுப் போற வரைக்கும் அவனைப் பிள்ளை பார்க்கிற ஆயா பாக்கியம் வீட்டுலயே வெச்சிருந்தோம். பிள்ளை பயந்துக்கும்னு எல்லாரும் சொன்னோம். நீயும் தலையாட்டினே. அப்புறம் ஒரு நாள் சொல்லிக்கலாம், ஒரு நாள் சொல்லிக்கலாம்னு வருஷம் போயிருச்சு.

நனைக்கிறது மட்டும் நிக்கலை. உன் அம்மா இங்க இருந்த வரைக்கும் எனக்கு அதோட பாடு தெரியாது. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள அவ மெத்தையைத் திருப்பிப் போட்டு, துணியை அலசி, ஒன்னுமே நடக்காத மாதிரி டீ ஆத்திக்கிட்டு நிப்பா. உன் அக்கா பிரசவத்துக்கு அவ கோயமுத்தூர் போன பிறகு வீட்டுல நானும் அவனும்தான். தேயிலை மலையில சூப்பர்வைசரா அத்தனை பேரை மேய்ச்சவன், ஒரு ஈர மெத்தைக்கு முன்னால திருதிருன்னு முழிச்சேன். பந்தலூர் மழை உனக்குத் தெரியாததா. ஆனி ஆடியில ஒரு ஜட்டி காயறதுக்கே மூணு நாள் ஆகும், பஞ்சு மெத்தை எப்படிக் காயும். அடுப்புப் பக்கத்துல நிறுத்தி வெச்சா வீடு பூரா அந்த வாடை. கடைசியில ஒரு உரச் சாக்கைப் பிரிச்சு, சோப்பு போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவி மெத்தை மேல விரிச்சு, அதுக்கு மேல பழைய சேலையை நாலா மடிச்சுப் போட்டேன். நனைஞ்சா சேலையை மட்டும் அலசினாப் போதும். இந்த வயசுல கண்டுபிடிச்சேன்னு வெச்சுக்க. மலரோட சேலைதான். வேற சேலை எதுவும் இந்த அளவுக்கு மெத்துன்னு இல்லை.

நனைக்கிறதைக் கூட விடு. எனக்குப் புரியாம இருந்தது வேற. எந்திரிச்ச உடனே அவன் அந்த ஈரக் கால்சட்டையோட போய் வாசல் கதவுகிட்ட நின்னுக்குவான். மாத்த விட மாட்டான், உன் அம்மா இருந்தப்பவும் அவகிட்ட இப்படித்தானாம். நான் பக்கத்துல போனா இடுப்புல ரெண்டு கையாலயும் கால்சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்குவான். பனி கொட்டும், பிள்ளைக்குப் பல்லு கிட்டும், தொடையெல்லாம் சிவந்து போயிருக்கும். "அவுருடா சாமி"ன்னு கெஞ்சுவேன். "வேண்டாம்"ம்பான். அழ மாட்டான், அடம் பிடிக்கிற முகமும் இருக்காது. வெளியில பார்த்துக்கிட்டு நிப்பான். ஸ்கூல் வேன் வர்ற நேரத்துக்கு நான் தூக்கிப் போட்டு அவுத்துருவேன். அப்ப மட்டும் ஒரு கத்து கத்துவான் பாரு, லயத்து வரிசையில ஒட்டி ஒட்டி இருக்கிற வீட்டுக்காரங்க எல்லாம் கதவைத் திறந்து பார்ப்பாங்க.

நீ போன தடவை வந்தப்பவும் அதேதான். மாத்த விடாம நின்னான்னு உனக்குக் கோபம் வந்துருச்சு. பளார்னு ஒன்னு விட்டே. அதோட நிக்காம மெத்தையைத் தூக்கிட்டுப் போய்ப் பாதை ஓரத்து வேலி மேல போட்டே. "மானம் போனாத்தான் இவனுக்குப் புத்தி வரும்"னே. வேனுக்கு நின்ன பிள்ளைங்க அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. இவன் சிரிக்கிற பிள்ளைகளைப் பார்க்கலை, உன்னையும் பார்க்கலை, அப்பவும் மலைப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு நின்னான். நான் உன்னைத் தடுக்கலை. உன்னை மட்டும் குத்தம் சொல்லி நான் தப்பிச்சுக்கப் போறதில்லை. நானும் என்னென்னவோ செஞ்சேன். நாடுகாணியில யாரோ மந்திரிக்கிறாங்கன்னு கூட்டிட்டுப் போய்த் தாயத்து கட்டினேன். சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொம்பைத் தூக்கி மேல வெச்சேன். அவன் ஒரு படி மேல போய் ஸ்கூல்லயும் தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டான். பாட்டில் போன மாதிரியே திரும்பி வரும். ஒன்னுக்குப் போனா எரியுதுன்னு அழ ஆரம்பிச்ச பிறகுதான் பதறிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. சோதிச்சுப் பார்த்துட்டு, தண்ணி குடிக்காததுதான் எரிச்சலுக்குக் காரணம், வேற நோவு எதுவும் இல்லைன்னாங்க. அப்புறம் என்னை ஒரு பிடி பிடிச்சாங்க. "தூங்கற பிள்ளை வேணும்னா நனைக்குது? அவனுக்கே தெரியாது ஐயா. பகல்ல நல்லா தண்ணி குடுங்க, படுக்கிறதுக்கு முன்னால ஒன்னுக்கு விடுங்க, திட்டாதீங்க, அடிக்காதீங்க, நாலு பேர் முன்னால சொல்லாதீங்க. பழகின பிள்ளை திரும்ப நனைக்குதுன்னா மனசுல ஏதோ பாரம் இருக்கும்"னாங்க. அப்புறம், "இவங்க அப்பா சின்ன வயசுல எப்படி"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. நீ ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் நனைச்சே தம்பி. உனக்கு ஞாபகம் இருக்காது. இருக்கக் கூடாதுன்னுதான் உன் அம்மா ஒரு நாள் கூட அதைப் பத்தி வாயைத் திறக்கலை, எனக்கே பாதி நாள் தெரியாது. உன் மெத்தை எந்த வேலியிலயும் காயலை. அடுப்படிக்குள்ளயே காஞ்சுச்சு.

மனசுல என்ன பாரம்னு டாக்டரம்மா கேட்டப்ப, தாய் இல்லாத பிள்ளைன்னு சொன்னேன். "அவனுக்குத் தெரியுமா"ன்னாங்க. இல்லைன்னேன். "சொல்லிருங்க ஐயா"ன்னாங்க. சரின்னுட்டு வந்தேன். வந்து சொல்லலை. உன் கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன்.

இப்ப நான் சொல்லப் போறதைக் கவனமாப் படி. உனக்குப் பிள்ளை மடுவம் ஞாபகம் இருக்கும். நீயே அங்க வளர்ந்தவன்தான். கொழுந்து எடுக்கப் போற தாய்மாருங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போறதுக்கு எஸ்டேட்ல கட்டி வெச்ச அந்த நீளக் கொட்டகை. கவினையும் மூணரை வயசு வரைக்கும் மலர் அங்கதான் விட்டுட்டு மலையேறினா. ஆயா பாக்கியம் ஒருத்திதான், கைக்குழந்தைகளைப் பார்க்கவே அவளுக்குச் சரியாப் போயிரும். அதனால நடக்கிற பிள்ளை நனைச்சா ஆயா மாத்துறது கிடையாது, தாயைக் கூப்பிட்டு விடுறதுதான் எங்க டிவிஷன் பழக்கம். பாக்கியம் மடுவத்து வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுப்பா. அது பாதி மலைக்குக் கூட எட்டாது. நான் சூப்பர்வைசர், பாதையில நிப்பேன், அதை வாங்கி மேல விடுவேன். "ஏ மலரு, உன் மவன் நனைச்சுட்டான், வா"ன்னு ஒரு கூப்பாடு போட்டா மலை பூரா கேக்கும். என் தொண்டை அப்படி. மாமனார் மருமகளைப் பேர் சொல்லிக் கத்துறதைக் கேட்டு மத்த பொம்பளைங்க சிரிப்பாங்க. அவ கூடையை இறக்கி வெச்சுட்டு, பனி படாம இடுப்புல கட்டின சாக்கைக் கூட அவுக்காம ஓட்டமும் நடையுமா இறங்கி வருவா.

மூணு வயசான அந்த வருஷம் கவின் மடுவத்துல அடிக்கடி நனைப்பான். வீட்டுல ஒரு சொட்டு நனைக்காத பிள்ளை மடுவத்துல மட்டும் நனைக்குது. எனக்கு எரிச்சலா வரும். மாத்தப் போனவ சீக்கிரம் திரும்ப மாட்டா, அவ கொழுந்து எடுக்கிற நிரை பாதியில கிடக்கும். ஒரு நாள் வீட்டுல வெச்சுச் சத்தம் போட்டேன், "பிள்ளையை ஒழுங்காப் பழக்கத் தெரியலையா உனக்கு"ன்னு. அவ கோபப்படலை. கொழுந்து கறை பிடிச்ச விரலைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னா. "மாமா, அவன் பழகிட்டான். என்னைப் பார்க்கணும்னா நனைக்கணும்னு பழகிட்டான். வேணும்னு செய்யலை, அந்தப் பிஞ்சு உடம்பு அப்படிக் கத்துக்கிச்சு." மறுநாள்ல இருந்து டீ நேரத்துல, யாரும் கூப்பிடாமலே, அவ இறங்கிப் போய் அவனை ஒரு தடவை மடியில வெச்சுட்டு வருவா. காஞ்ச கால்சட்டையோட இருக்கிறப்பவே போவா. அவன் மடுவத்துல நனைக்கிறது தானா நின்னு போச்சு. அவ சொன்னது சரின்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் எனக்கு அது மறந்து போச்சு தம்பி. இந்த ஒரு வருஷத்துல ஒரு நாள் கூட அது என் நினைப்புக்கு வரலை.

உன்கிட்ட போன் பேசின மறுநாள் காலையில கவின் வழக்கம் போல ஈரத்தோட கதவுகிட்ட நின்னான். நான் வெந்நீர் வெச்சுட்டு வந்து பார்த்தேன். முகம் ஒரு மாதிரியா குழம்பிப் போயிருந்துச்சு. "தாத்தா"ன்னான். "என்னடா"ன்னேன். "நனைஞ்சாத்தானே அம்மா வருவாங்க? அப்பா ஏன் நனைக்காம இருந்தா அம்மா வருவாங்கன்னு சொன்னாங்க?"

எனக்கு முதல்ல விளங்கலை. அவன் எனக்கு விளக்கிச் சொல்றான். "மடுவத்துல நனைஞ்சா வருவாங்கல்ல. ஊருல இருந்து வர நேரமாகும்னு நான் மாத்தாம நிக்கிறேன். மாத்திட்டா அம்மா வந்து பார்த்துட்டு, காஞ்சுதானே இருக்குன்னு போயிருவாங்கல்ல." அவன் கிட்ட வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தான். "நீங்கதான் தாத்தா கூப்பிடவே மாட்டேங்கிறீங்க. கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் அம்மாவுக்குக் கேக்கும்."

ஒரு வருஷமா தம்பி. ஒரு வருஷமா அந்தப் பிள்ளை குளிர்ல விறைச்சுக்கிட்டு என் சத்தத்துக்காக நின்னிருக்கான். தூக்கத்துல தானா நனைஞ்சதை, அம்மா வர்றதுக்கு ஒரு வழின்னு நினைச்சு வெச்சுக்கிட்டு நின்னிருக்கான். உன் அம்மா போன பிறகு நான் அவனைத் தினமும் தூக்கிப் போட்டு அவுத்தேன். நீ அறைஞ்சே.

அவன் என்னை இழுத்துக்கிட்டு லயத்துக்கு முன்னால, சரிவு தொடங்குற இடத்துக்குக் கொண்டு போய் நிறுத்தினான். கீழ தேயிலை, எதிர்ல மலை, மேல பாதையில ரெண்டு பொம்பளைங்க கூடையோட போறாங்க. அண்ணாந்து என் வாயையே பார்க்கிறான். எனக்கு வாய் திறக்குது, சத்தம் வரலை. முப்பது வருஷத்துக்கு மேல இந்த மலையில கத்தினவன். நான் அவன் உசரத்துக்குக் குத்த வெச்சு உட்கார்ந்தேன். "கவினு, அம்மா ஊருக்குப் போகலைடா. அம்மா செத்துப் போயிட்டா. தாத்தா கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காது. தாத்தா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்"னேன்.

அவன் அழலை. யோசிச்சான். "அப்ப சூர்யா சொன்னது நிஜமா?"ன்னான். சூர்யா அடுத்த லயத்துப் பையன். என்ன சொன்னான்னு கேட்டேன். "அம்மாவை மண்ணுக்குள்ள வெச்சுட்டாங்கன்னு சொன்னான். பொய் சொல்றான்னு நான் அவனை அடிச்சேன் தாத்தா. நீங்கதான் ஊருக்குன்னு சொன்னீங்களே"ன்னான். ஐயோ, எனக்காக ஒரு பையனை அடிச்சிருக்கான். என் பொய்யைக் காப்பாத்த. லயம் பூரா தெரிஞ்ச விஷயம், அவன் காதுலயும் விழுந்துருக்கு. தாத்தா சொன்னதுதான் உண்மைன்னு இந்தப் பிள்ளை மட்டும் நம்பிக்கிட்டு நின்னுருக்கு. "சூர்யா சொன்னது நிஜம்டா"ன்னேன். கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு நின்னான். அப்புறம் கேட்டான், "அப்ப எனக்கு யாரு மாத்துவா?"

"நான் மாத்துறேன் சாமி"ன்னேன். அவன் என் தோள் மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு, ஒரு காலைத் தூக்கினான். கால்சட்டையைக் கழட்டறதுக்கு வசதியா. இத்தனை நாள்ல முதல் தடவையா. நான் கழட்டினேன். இன்னொரு காலையும் தூக்கினான்.

அழுகை சாயங்காலம்தான் வந்துச்சு. சோறு பிசைஞ்சு குடுத்துக்கிட்டிருக்கேன், திடீர்னு வாயில சோத்தோட அழறான். ரொம்ப நேரம் அழுதான். அதுக்கப்புறம் தினமும் ஒரு தடவையாவது கேக்கிறான், "நாளைக்கும் வர மாட்டாங்களா தாத்தா"ன்னு. நானும் ஒவ்வொரு தடவையும் "மாட்டாடா"ன்னு சொல்றேன். இதைச் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு நீ வந்து சொல்லிப் பார்த்தாத்தான் தெரியும்.

அதுக்குத்தான் கூப்பிடுறேன். கல்யாணத்துக்கு முன்னால ஒரு தடவை வா. அவன் நனைக்கிறான்னு உன் அம்மா போன் பண்ணினப்பத்தான் போன ரெண்டு தடவையும் நீ வந்தே. வந்ததும் கத்தினே. அம்மாவைப் பார்க்க நனையணும், அப்பாவைப் பார்க்கவும் நனையணும்னு அந்தப் பிள்ளை உடம்புக்கு நாமளே சொல்லிக் குடுத்துக்கிட்டு, அவனை ஹாஸ்டல்ல விடலாம்னு பேசுறோம். இந்தத் தடவை யாரும் கூப்பிடாம வா. மலர் டீ நேரத்துல இறங்கிப் போனாளே, அந்த மாதிரி வா. வந்து, நீ போன்ல சொன்னது தப்புன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னதை அவன் பாதிதான் நம்பியிருக்கான். "அப்பா கூட்டிட்டு வருவேன்னாங்களே"ன்னு நேத்துக் கூடக் கேட்டான். அவனைக் கையைப் பிடிச்சு மேட்டுல இருக்கிற அவ குழிமேட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாம மூணு பேரும் போவோம். நீ அங்க போய் ஒரு வருஷமாச்சு. எனக்குத் தெரியும், உன்னால முடியலைன்னுதான் போகலை. அவன் முன்னால அழுதா என்ன ஆயிரும். அப்பாவும் அழறார்னு பார்த்துக்கட்டும்.

கேத்திப் பொண்ணுகிட்ட எதையும் மறைக்காதே. பையன் ராத்திரி நனைப்பான், இன்னும் கொஞ்ச நாளைக்கு நனைப்பான், கல்யாணத்துக்கு அப்புறம் இன்னும் அதிகமாக் கூட நனைப்பான்னு சொல்லிரு. அதுல உனக்குத் தலைகுனிவு ஒன்னும் இல்லை. அவளை அவனுக்கு அம்மான்னு காட்டாதே. சித்தின்னு சொல்லு. அதுக்கு மேல அவளும் அவனும் பார்த்துக்கட்டும். நீ சொன்னபடி அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லி, அவ வந்து ஜீப்பை விட்டு இறங்கியிருந்தா, இவன் அவளுக்குப் பின்னால வேற யாராவது இறங்குறாங்களான்னு எட்டிப் பார்த்திருப்பான். அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சுச்சு.

ஹாஸ்டல் பேச்சை இனி எடுக்காதே. எடுத்தா நான் கத்துவேன், எனக்குத் தொண்டை இன்னும் இருக்கு. உரச் சாக்கும் பழைய சேலையும் இருக்கு. படுக்கிறதுக்கு முன்னால ஒன்னுக்கு விடுறேன். ராத்திரி வெளியில யானை நின்னாலும் நிக்கும், அதனால கதவுக்கு உள்ளேயே ஒரு பக்கெட்டை வெச்சு, பக்கத்துல சின்ன லைட்டு போட்டிருக்கேன். சொம்பைக் கீழ இறக்கி அவன் கைக்கு எட்டுற மாதிரி வெச்சுட்டேன். தாயத்தை அவுத்துட்டேன். காஞ்ச நாளும் இருக்கு, நனைஞ்ச நாளும் இருக்கு. காஞ்ச நாள்ல நான் ஆஹா ஓஹோன்னு குதிக்கிறதில்லை. ரெண்டு நாளும் எங்களுக்கு ஒரே டீ, ஒரே பன்.

இன்னைக்குக் காலையில நனைச்சுட்டான்னு எழுதித்தானே ஆரம்பிச்சேன். இன்னைக்கு அவன் கதவுகிட்டப் போகலை. நான் அடுப்படியில இருந்தேன். படுக்கையில இருந்துக்கிட்டே கூப்பிட்டான். அம்மாவைக் கூப்பிடச் சொல்லலை. "தாத்தா, நனைஞ்சிருச்சு, மாத்தி விடுங்க"ன்னான். சாதாரணமா, எல்லாப் பிள்ளையும் சொல்ற மாதிரி. நான் போய் மாத்தி, வெந்நீர்ல துடைச்சு, ஸ்வெட்டரைப் போட்டு வேன்ல ஏத்திவிட்டேன். டாட்டா காட்டிட்டுப் போனான். திரும்பி வந்து மலரோட சேலையை அலசறப்ப எனக்குத் தாங்கலை. ஒரு வருஷமா அவளுக்காகக் கதவுகிட்ட நின்ன ஒரே ஆளும் இன்னைக்கு நிக்கலை.

அவன் கூப்பிட்ட உடனே நான் ஓடினேன். இப்ப நான் உன்னைக் கூப்பிடுறேன். வா தம்பி.

உன் அப்பா